யானை விழணும்ல

ஜூலை 2, புதன்

இந்த நோட்டு டாக்டர் உத்தரவு. பிரஷர் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு வயசுல இவ்ளோ இருக்கக் கூடாது. யார் மேல கத்துறீங்க?" என்று கேட்டார். யார் மேலும் கத்துவதில்லை, எல்லாவற்றையும் முழுங்கிக்கொள்கிறேன் என்றேன். "அப்ப எழுதுங்க. எழுதினா பாதி இறங்கிடும்" என்றார். மாத்திரையோடு இதையும் ஒரு வேளை மருந்தாகச் சேர்த்தாயிற்று.

சரி, எழுதுகிறேன். பெயர் சுடலைமணி. சொந்த ஊர் கோவில்பட்டி. வேலை சென்னைப் பெருங்குடியில், குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டுகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். சாப்ட்வேர் இன்ஜினீயர். கேட்டவர்கள் எல்லோரும் "ஜாலியான வேலையாச்சே" என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களை வரிசையாக எங்கள் மேனேஜர் ரோஷன் முன்னால் ஒரு மீட்டிங்கில் உட்காரவைக்க வேண்டும்.

இப்போது செய்வது ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. ஒரு குட்டியானை. சேற்றுக்குளத்தின் மேல் ஒரு பாலம். கூட்டல் கணக்கு ஒன்று வரும்; நான்கு பலகைகளில் நான்கு விடைகள். சரியான பலகையைத் தொட்டால் யானை அக்கரைக்குப் போகும், பூமழை கொட்டும். தப்பான பலகையைத் தொட்டால் அது முறிந்து யானை சேற்றில் விழும். அவ்வளவுதான் விளையாட்டு. இன்று ஒரு மணி நேரம் நாங்கள் பேசியது யானையின் காது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. ரோஷனுக்கு ஊதா வேண்டுமாம். ஊதாக் காது வைத்த யானையை அவர் எங்கே பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. முழுங்கிக்கொண்டேன்.

ஜூலை 4, வெள்ளி

யானைக்குக் குரல் கொடுக்க ஏற்பாடு செய்திருந்த டப்பிங் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். இரண்டு வாரம் ஆகுமாம். திங்கட்கிழமை டெமோ. குரல் இல்லாமல் யானை விழுந்தால் சேற்றில் மூட்டை போட்ட மாதிரி இருக்கிறது.

வேறு வழியில்லை. டீ போடுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் நானே பேசிப் பதிவு செய்தேன். "அய்யய்யோ... தொபுக்கடீர்! எம்மா, இடுப்பு போச்சே!" வேறு வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. என் மகள் ஆதிரை சின்னப் பிள்ளையாக இருந்தபோது கட்டிலிலிருந்து விழுகிற மாதிரி நடித்து நான் சொல்வது இது. அப்படியே வந்துவிட்டது.

வெளியே வந்தால் ஷப்னம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். யானையை வரைந்தவள் அவள்தான். "மணிண்ணா, இதையே வச்சிருங்க" என்றாள். "தற்காலிகம்" என்று பெயர் வைத்துத்தான் சேர்த்திருக்கிறேன். இந்தத் துறையில் அந்தப் பெயர் வைத்த எதுவும் லேசில் போவதில்லை, அதுதான் பயம்.

ஜூலை 6, ஞாயிறு

துணி துவைத்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது. பதிந்தால் வியாழக்கிழமை வருமாம், அதுவரை ஓட்டல்.

ஊருக்குப் போன் போட்டேன். மனைவி பொன்செல்வி எடுத்தாள். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையை விட்டுவிட்டு இங்கே வர முடியாது, என் வேலை அங்கே கிடையாது, இதைப் பற்றி இனி பேசுவதற்கில்லை. ஆதிரையிடம் கொடு என்றேன். போன் கைமாறும் சத்தம் கேட்டது. மூச்சுச் சத்தம் கேட்டது. மறுபடி பொன்செல்வியின் குரல்தான் வந்தது.

"பேச மாட்டேங்கிறா."

"இன்னுமா?"

"பொறந்தநாளுக்கு வாரேன்னு சொன்னது நீங்கதான. புதுச் சட்டயப் போட்டுட்டு வாசல்லயே உக்காந்திருந்தா. எனக்குத் தெரியாது, நேர்ல வந்து சமாதானம் பண்ணிக்கோங்க."

அன்றைக்கு சர்வர் படுத்துவிட்டது. நான் என்ன செய்ய? ஏழு வயதுப் பிள்ளைக்கு சர்வரை எப்படி விளக்குவது? ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கை விளங்கவைக்கிறேனாம், என் பிள்ளைக்கு ஒரு வார்த்தை விளங்கவைக்க முடியவில்லை. வாரம் தவறாமல் கூப்பிடுகிறேன். அது கணக்கில் சேராதா?

ஜூலை 9, புதன்

டெமோ முடிந்தது. பள்ளியில் வைத்துச் சோதித்துப் பார்க்க டேப்லெட்டுகள், எங்கள் பாஷையில் டேப்புகள், வந்து இறங்கின. ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் ஸ்டிக்கர். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போகின்றன. மிச்சம் இருக்கும் என்று நினைத்து மேலாக இருந்த ஒன்றை எடுத்து கூரியரில் கோவில்பட்டிக்கு அனுப்பிவிட்டேன். பேசாவிட்டால் போகட்டும், விளையாடட்டும்.

ஆபீஸ் நிர்வாகம் பார்க்கும் ஜெசிந்தா மேடம் பிடித்துக்கொண்டார். "எந்த நம்பர எடுத்தீங்க?" கவனிக்கவில்லை என்றேன். "வீட்டுல கேட்டுச் சொல்லுங்க சார். இல்லன்னா என் தலை உருளும்" என்றார். கேட்கிறேன் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

பார்சல் வந்துவிட்டதாம். ஆதிரை பேசவில்லை. நம்பர் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

டேப்புகள் தாமாகவே அனுப்பும் முதல் வார ரிப்போர்ட் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

பிள்ளைகள் எல்லோருமே மோசம். நான்கும் மூன்றும் ஏழு என்று தெரியாத இரண்டாம் வகுப்பா? அதிலும் பதினேழாம் நம்பர் டேப் இருக்கிறதே, அதைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை ஒரு கணக்குக்கூடச் சரியாகப் போடவில்லை. ஒன்றுகூட. ஆனால் விடாமல் விளையாடுகிறது. யானை விழுந்து, எழுந்து, விழுந்து, மறுபடி விழுந்து... இவ்வளவு ஆர்வத்தோடு இவ்வளவு தப்பாகக் கணக்குப் போடும் பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

ரோஷன் திரையைச் சுட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். "மணி, இந்த செவன்டீன் ஒருத்தன் போதும், நம்ம ஆவரேஜையே காலி பண்றான். அடுத்த மாசம் பதினோராந்தேதி ஃபண்டிங் குடுக்கிறவங்க வராங்க. இந்த கிராஃப காட்டினா எழுந்து போயிடுவாங்க."

அதற்கு நான் என்ன செய்வது? செங்கல்பட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைக்கு டியூஷன் எடுக்கவா?

ஜூலை 24, வியாழன்

பதினேழாம் நம்பர் சாயங்காலம் ஆறு மணிக்கும் விளையாடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளையாடியிருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பள்ளிக்குப் போன் போட்டு புவனேஸ்வரி டீச்சரிடம் கொஞ்சம் காரமாகவே கேட்டேன்.

"சார், மூணரைக்கு எல்லாத்தையும் வாங்கி நானே பீரோல வச்சுப் பூட்டுறேன். சாவி என் இடுப்புல இருக்கு. உங்க கம்ப்யூட்டரு சொல்றத நம்புவீங்க, நான் சொல்றத நம்ப மாட்டீங்க" என்று அவர் என்னைவிடக் காரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேரம் பதிவாவதில் ஏதோ பிழை இருக்க வேண்டும். இரண்டு நாள் தேடினால்தான் கிடைக்கும். ஜெசிந்தா மேடம் மறுபடி நம்பர் கேட்டார். இந்த ஆபீசில் யாருக்குத்தான் அவசரம் இல்லை?

ஜூலை 27, ஞாயிறு

பிழை கிடைக்கவில்லை.

போன் போட்டேன். மறுபடி மூச்சுச் சத்தம் மட்டும். பொன்செல்வி சொன்னாள், "பேசத்தான் மாட்டேங்கிறா. ஆனா ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த டேப்ப எடுத்துட்டு கட்டிலுக்கு அடியில போயிருதா. ஒரே சிரிப்பு. அப்படி என்னத்த வச்சிருக்கீக அதுல?"

கணக்கு எப்படி இருக்கிறது என்றேன்.

"அதுக்கென்ன, கணக்குல முழு மார்க்கு. மிஸ்ஸு கூப்பிட்டுச் சொன்னாங்க."

ஒருத்தியாவது உருப்படியாக விளையாடுகிறாளே என்று கொஞ்சம் தெம்பாக இருந்தது. சுதந்திர தினத்துக்குக் கட்டாயம் வருகிறேன், அவளிடம் சொல் என்றேன். "நான் சொல்லல. நீங்க வந்து எறங்குங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள். நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை.

ஜூலை 31, வியாழன்

நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

வகுப்புக்குள் நுழையும்போதே என் குரல் நாலாபக்கமும் கேட்கிறது. அய்யய்யோ, தொபுக்கடீர், இடுப்பு போச்சே. ஒரு வகுப்பு முழுக்க நான் விழுந்துகொண்டிருக்கிறேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். டேப்புகளின் நம்பர் ஸ்டிக்கரைக் கிழித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எது பதினேழு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறும் இரண்டும் வந்தது. எட்டாம் பலகையின் மேல் விரலைக் கொண்டுபோனாள், என்னைப் பார்த்தாள், நகர்த்தி ஐந்தைத் தொட்டாள். தொபுக்கடீர்.

"எட்டுன்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் அஞ்ச அமுக்குன?"

என்னை ஒரு மண்டூகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "யானை விழணும்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். சரியாகச் சொன்னால் யானை நல்ல பிள்ளையாக நடந்து போகிறது. தப்பாகச் சொன்னால் சர்க்கஸே நடக்கிறது. எந்தப் பிள்ளை சரியாகச் சொல்லும்? தப்புக்குப் பரிசு வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று மாய்ந்து போயிருக்கிறோம்.

அப்போதுதான் பதினேழாம் நம்பரும் விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட நான்கில் ஒன்று சரியாக விழுந்துவிடும். ஒன்றுகூடச் சரியாக விழவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு எல்லா விடையும் தெரியும். ஒவ்வொரு தடவையும் சரியான பலகையைப் பார்த்து, அதை விட்டு விலகி, வேண்டுமென்றே வேறொன்றைத் தொடுகிறது. அங்கே இருப்பதிலேயே கெட்டிக்காரப் பிள்ளை அதுதான். ஆனால் மற்ற பிள்ளைகள் அவ்வப்போது சலித்துப்போய் அக்கரைக்கும் போகிறார்கள். இது ஒரு தடவைகூடப் போகவில்லை. யானை விழுவதில் அப்படி என்னதான் இருக்கிறதோ.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தொண்டை சரியாகி அந்த அம்மா வந்து பேசிக் கொடுத்துவிட்டார். தேன் குரல். தப்பாகத் தொட்டால் இனி யானை விழாது, நின்றுகொண்டு, "மீண்டும் முயற்சி செய்யலாமா?" என்று கேட்கும். சரியாகத் தொட்டால் பூமழை, மேளம், மயில், எல்லாம்.

ஷப்னம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அண்ணா, அந்த யானைக்கு உசுரு குடுத்ததே உங்க குரல்தான். அது போனா பசங்க போயிடுவாங்க."

"பதினோராந்தேதி ஆளுங்க வராங்க. உசுர அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். என் குரலைப் பிடித்து வெளியே எறிந்து, புதிய பதிப்பை எல்லா டேப்புகளுக்கும் அனுப்பினேன். நிம்மதியாக இருந்தது. ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் என் இடுப்பைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு ஒன்றும் பெருமையில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் ரோஷன் கேக் வாங்கி வந்தார். கிராஃப் மேலே போயிருக்கிறது. "செவன்டீன பாருங்க மணி! ஃபுல் மார்க்!"

பார்த்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஒரே உட்காரலில் முதல் கணக்கிலிருந்து கடைசிக் கட்டம் வரை, ஒரு தப்புகூட இல்லாமல் முடித்திருக்கிறது. அதற்கப்புறம் திறக்கவே இல்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. கேக்கைப் பாதியில் வைத்துவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் ஜெசிந்தா மேடம் வந்து நின்றார். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நானே பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி பெட்டி மேல இருக்கிற நம்பர வாசிக்கச் சொல்லிட்டேன் சார். அங்க போகாதது பதினேழு. உங்க வீட்ல இருக்கிறது அதான்."

அவர் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு, பள்ளி விட்டு வந்த பிறகு. ஞாயிறு முழுக்க. கட்டிலுக்கு அடியில். எல்லாமே என் கண் முன்னால்தான் இருந்தது.

நான் கூப்பிடுவதற்குள் பொன்செல்வி கூப்பிட்டுவிட்டாள். கோபத்தில் அவள் குரல் எப்போதும் தாழ்ந்துதான் வரும்.

"அந்த வெளையாட்டுல என்னத்த பண்ணித் தொலைச்சீக? ரெண்டு நாளா பிள்ள சரியாச் சாப்பிடல. என்னன்னு கேட்டாலும் சொல்லல. இன்னைக்குத்தான் வாயத் தொறந்தா."

"என்ன சொன்னா?"

"அப்பாவ எடுத்துட்டாங்கன்னு சொல்லுதா. தப்பாப் போட்டா வேற யாரோ பேசுறாங்களாம். சரியாப் போட்டு முடிச்சா கடைசிலயாவது நீங்க இருப்பீகளோன்னு எல்லாத்தையும் போட்டுப் பாத்திருக்கா. அங்கயும் இல்லயாம். நான் ஏதோ யானைப் படம்னுல நெனச்சேன். உங்க சத்தம்னு எனக்குத் தெரியாதுங்க."

எனக்குத் தெரியும். என் தொண்டையிலிருந்து வந்த குரல். நான்தான் வைத்தேன், நான்தான் எடுத்தேன். என்னோடு பேச மாட்டேன் என்று வீம்பு பிடித்த பிள்ளை, தெரிந்த கணக்கையெல்லாம் தப்புத் தப்பாகப் போட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அதை ரிப்போர்ட்டில் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். எழுதினால் பாதி இறங்கிவிடும் என்றாரே டாக்டர், ஒன்றும் இறங்கவில்லை. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ரோஷனிடம் ஊருக்குப் போகிறேன் என்றேன். "திங்கட்கிழமை அவங்க வராங்க மணி, ஜோக் அடிக்காதீங்க" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

மதுரை வரை ரயில். உட்கார இடமில்லை, கதவோரம் நின்றுகொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று நான் போய் இறங்கியபோது ஆதிரை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கிட்டே வரவில்லை. வளர்ந்திருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ, நான் எந்த மீட்டிங்கில் இருந்தேனோ.

இன்று காலையிலும் அப்படித்தான். நான் கூடத்துக்கு வந்தால் அவள் அடுக்களைக்குப் போகிறாள், நான் அடுக்களைக்குப் போனால் கொல்லைப்பக்கம் போகிறாள். பொன்செல்வி தோசையைத் திருப்பிக்கொண்டே, "என்னையப் பாக்காதீக. உங்க பாடு, அவ பாடு" என்றாள்.

வேறு ஒன்றும் தோன்றவில்லை. கட்டில் மேல் ஏறி நின்றேன். ஃபேன் தலையில் இடிக்கும்போல இருந்தது. ஏழு கழுதை வயசில் இது தேவையா என்று ஒரு நினைப்பும் வந்தது. "யாராவது ஒரு கணக்கு கேளுங்களேன்" என்று பொதுவாகச் சொன்னேன்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, "எட்டும் ஏழும்?"

"பதினஞ்சு" என்றேன். இத்தனை வருஷப் படிப்பு, வாய் சும்மா இருக்குமா.

கதவுக்குப் பின்னாலிருந்து முகம் வெளியே வந்தது. அதில் அப்படி ஒரு சலிப்பு. அச்சு அசல் என் முகம்.

"தப்பாச் சொல்லுங்கப்பா."

"பதினொண்ணு" என்றேன். "அய்யய்யோ... தொபுக்கடீர்!" விழுந்தேன். பழைய உடம்பு என்று நினைத்து விழுந்துவிட்டேன், அது இல்லை. கீழே தரை, மேலே நான். எம்மா, இடுப்பு நிஜமாகவே போய்விட்டது. அவள் விழுந்த பல் தெரிய, மூச்சு முட்டச் சிரித்தாள். நான் எழுந்திருப்பதற்குள் அடுத்த கணக்கைக் கேட்டுவிட்டாள். விளையாட்டில் யானை எழுந்திருக்க நாங்கள் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருந்தோம். இவள் கொடுப்பதாக இல்லை.

சாயங்காலம் பொன்செல்வி முதுகில் தைலம் தேய்த்தாள். கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள். ஆதிரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஊருக்குப் போறீங்க?"

சொல்லத் தயாராக வைத்திருந்த பதில் வேறு. இன்றைக்கே பஸ் ஏறினால் காலையில் ஆபீஸ் போய்விடலாம் என்று பையைக்கூடப் பாதி கட்டி வைத்திருந்தேன். "இந்த வாரம் போகலம்மா. உன்ன நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, நீ வரும்போது வாசல்ல நிப்பேன்" என்றேன்.

என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"சரியாச் சொல்றீங்களா, தப்பாச் சொல்றீங்களா?"

ஆகஸ்ட் 11, திங்கள்

ரோஷன் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஷப்னம் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு செய்தி அனுப்பினேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. போனை அணைத்து அரிசிப் பானையில் போட்டேன். பொன்செல்வி எடுத்து அலமாரியில் வைத்தாள்.

பள்ளி விடும் நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வாசலுக்குப் போய் நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஆட்டோ முக்கில் திரும்பும்போதே ஆதிரை தலையை வெளியே நீட்டிப் பார்ப்பது தெரிந்தது. நான் கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை.

சரியான விடைக்கு நான் பூமழை வைத்திருக்கிறேன், மேளம் வைத்திருக்கிறேன், ரோஷன் சொன்னார் என்று மயில்கூட வைத்திருக்கிறேன். இவள் ஆட்டோவிலிருந்து இறங்கி, முதுகிலிருந்த புத்தகப் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டாள்.